புழக்கடைக் கோழியும் ஒறுப்பும்

அரசன் கள்வனை ஒறுத்தலும், ஆசிரியன் மாணாக்கனை ஒறுத்தலும், பெற்றோர் மக்களை ஒறுத்தலும், இறைவன் உயிர்களை அவ்வவற்றின் வினைக்கேற்ப ஒறுத்தலும் என ஒறுப்பினைப் பற்றி நூல்கள் விரித்துப் பேசும். இந்நான்கிற்கும் புறத்தே ஐந்தாவது ஒறுப்பொன்று நாள்தோறும் இல்லங்களில் நிகழ்கின்றது. வாய்பேசா உயிர்களை மக்கள் தண்டிக்குந் தண்டமே அஃது. அத்தண்டம் பொருளுடையதா, பொருளற்றதா என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அதற்குக் கோழியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பசுவையேனும் யானையையேனும் கொள்ளின், அவற்றின்மேல் நமக்குள்ள அன்பும் மதிப்பும் இடைப்புகுந்து நடுவுநிலைமையைக் கலைக்கும். கோழியோ எளியது; அதனைப் பற்றி இரங்கிப் பேசுவாரும் அரியர். எளியதன்கண் நிலைபெற்ற நீதியே எங்கும் நிலைபெறும்.

'கோழியைப் பற்றிய ஆராய்ச்சி சைவர்க்கு எற்றுக்கு? மடங்களிற் கோழி வளர்ப்பாருமில்லை. கோழியை உண்பாருமில்லை' எனின், கூறுதும். கொன்று தின்றலின் தீமை நம்மவர்க்குப் புதிதாக உணர்த்த வேண்டுவதன்று. ஈண்டு எழுந்த வினா அதுவன்று. அறிவாற் குறைந்த ஓருயிர் நம் கையகப்பட்டு நின்று நமக்கு உவப்பில்லாத ஒன்றைச் செய்யுமாயின், அதன்மேற் சினந்து துன்பஞ் செய்தற்கு நமக்கு உரிமை உண்டோ என்பதே வினா. இவ்வினா கோழிக்கூட்டோடு ஒழிவதன்று. பள்ளியறையிலும், தொழிற்களத்திலும், மடத்தின் அடுக்களையிலும் இதுவே வேறு வேறு வடிவில் நம்முன் வந்து நிற்கின்றது.

கோழியின்மேல் ஏற்றப்படுங் குற்றங்களை முதற்கண் எண்ணுவோம். தானிட்ட முட்டையைத் தானே கொத்தி உண்ணுதல் ஒன்று. உடனுறையுங் கோழியின் இறகைப் பறித்துப் புண்படுத்தல் மற்றொன்று. முட்டையிடுதலை நிறுத்தி அடைகிடந்து எழாதிருத்தல், பாத்தியைக் கிளறி நாற்றை அழித்தல், சேவலாயின் சிறுவர்மேற் பாய்ந்து முள்ளால் உதைத்தல் ஆகியன ஏனையவை. இவற்றிற்கு மக்கள் விதிக்குந் தண்டங்களும் உண்டு. கல்லெறிவர், விளக்குமாற்றால் அடிப்பர், பஞ்சாரத்தில் மூடிப் பட்டினி போடுவர், அடைக்கோழியைத் தண்ணீரில் அமிழ்த்துவர், அதன் மூக்குத் துளையில் இறகைச் செருகி விடுவர். இவையெல்லாம் கோழியைத் திருத்தும் என்பது செய்வாரது கருத்து.

இனி, தண்டம் என்பது எக்காரணத்தாற் பொருளுடையதாகும் எனப் பார்ப்போம். செய்த தீமைக்கு ஒத்த துன்பத்தைச் செய்தாற்கு ஊட்டி நீதியை நிறைத்தல் ஒரு பயன். அவனை மீண்டும் அது செய்யாவாறு திருத்தல் இரண்டாவது. அவனைக் கண்டு பிறர் அஞ்சி ஒழுகச் செய்தல் மூன்றாவது. இம்மூன்றிற்கும் அடிப்படையாக நான்கு நிலைகள் வேண்டப்படும். செய்தவன் அச்செயலைத் தன் செயலென்று அறிதல் வேண்டும். அது தகாதென்று அறிந்திருத்தல் வேண்டும். செய்யாது விடுதற்கு அவனுக்கு ஆற்றல் இருந்திருத்தல் வேண்டும். தான் படுந் துன்பம் அச்செயலின் பயனென்று அவன் உணர்தல் வேண்டும். இந்நான்கும் இல்வழித் தண்டம் தண்டமாகாது; வெறுந் துன்பஞ் செய்தலேயாம்.

இதனை மறந்த காலமும் உலகில் உண்டு. இன்று சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பாசல் நகரத்தில், 1474ஆம் ஆண்டில், ஒரு சேவல் முட்டையிட்டது என்று குற்றஞ் சாட்டி, வழக்கு விசாரித்து, தீர்ப்புக் கூறி, அதனையும் அம்முட்டையையும் எரியூட்டினர். சேவலிட்ட முட்டையினின்றுங் கொடிய நச்சுயிர் பிறக்கும் என்பது அந்நாட்டார் கொண்டிருந்த நம்பிக்கை. இவ்வாறு விலங்குகளை வழக்குமன்றத்தில் நிறுத்திய செய்திகள் பலவற்றை எட்வர்டு பேசன் எவான்சு என்பார் திரட்டி, 1906ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். இக்காலத்து உயிர்நூலார் இதற்கு வேறோர் விளக்கந் தருவர். பெட்டைக்கோழிக்கு இடப்புறத்துச் சூலகம் ஒன்றே முதிர்ந்து தொழிற்படும். நோயால் அது கெடுமாயின், அக்கோழி சேவலின் கொண்டையும் இறகும் பெற்றுச் சேவல் போலத் தோன்றுதலும் உண்டு. பாசல் நகரத்தார் எரித்தது அத்தகைய நோயுற்ற பெட்டையாகவும் இருந்திருக்கலாம். நோயைக் குற்றமென்று கொண்டு தீர்ப்பளித்தாரைக் கண்டு நாம் இன்று நகைக்கின்றோம். ஆயின் முட்டையைக் கொத்திய கோழியை விளக்குமாற்றால் அடிப்பாரும், காரணத்தைக் குற்றமென்று கொள்ளுதலில் அந்நகரத்தார்க்குப் பெரிதும் வேறுபட்டாரல்லர்.

'கோழிக்கு அறிவே இல்லை என்கின்றீரோ?' என்று வினவுவார் உளர். அங்ஙனங் கூறோம். தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தது; புள்ளினை ஐயறிவுடையவற்றோடு வைத்தெண்ணுதல் மரபு. ஐயறிவு என்பது அறிவின்மையன்று. சித்தாந்தத்தின்படி எல்லா உடம்பினும் நிற்பது உயிரே. வேறுபாடு, தனு கரணங்களாகிய கருவிகள் வாய்த்த அளவினால் அறிவு விளங்கும் அளவில் உள்ளது. இக்கால ஆராய்ச்சியும் இதற்கு மாறன்று. 1898ஆம் ஆண்டில் தார்ண்டைக் என்னும் அமெரிக்க உளநூலார், புத்தகங்களை நிறுத்தி அமைத்த சிறு சுற்றுவழிகளிற் கோழிக்குஞ்சுகளை விட்டு, அவை முறைதோறும் விரைந்து வெளியேறக் கற்றலைக் கண்டனர். 2012ஆம் ஆண்டிற் கேம்பிரிட்சில் அறிஞர் பலர் கூடி வெளியிட்ட அறிக்கை, உணர்வுநிலைக்கு வேண்டும் நரம்பமைப்பு மக்களுக்கே உரியதன்று, பறவைகளுக்கும் உண்டு என்று கூறிற்று. ஆகவே கோழி கற்கும், நினைவிற் கொள்ளும், அஞ்சும், நோவும்.

கற்குமாயின் அடித்துக் கற்பித்தலாகாதோ எனின், அது கற்பது யாது என்பதனை நோக்குதல் வேண்டும். கோழி முட்டையைக் காலையிற் கொத்திற்று; வீட்டார் நண்பகலில் ஓட்டைக் கண்டு அடித்தனர். இடையிற் கழிந்த காலத்தைக் கடந்து, இவ்வடி அக்கொத்தலின் பயன் என்று இணைத்துக் காணுதல் அதற்கு இயலாது. அடி விழுந்த கணத்தில் அதன் கண்முன் நின்றது அடித்தவரது உருவமும் கையுமே. ஆதலின் அவ்வுருவத்தையும் கையையும் அஞ்சுதலையே அது கற்கும். கொத்துங் கணத்திலேயே அடித்தாலும் முடிவு ஏறத்தாழ அதுவே. ஆள் நிற்கையிற் கொத்தாது. ஆள் அகன்றபின் கொத்தும். அஞ்சிய கோழி கைக்கு அகப்படாது. கூட்டிற்கு வரத் தயங்கும். முட்டையை மறைவிடங்களில் இடும். தண்டத்தினால் ஒரு குற்றம் நீங்காமையோடு, வேறு சில தோன்றுதலுங் காண்கின்றோம்.

இனி, குற்றம் எனப்பட்டவற்றின் காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம். முட்டையோட்டின் பெரும்பகுதி சுண்ணப்பொருள். ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் வேண்டும். அதன் ஓட்டிற்கு ஏறத்தாழ 2 கிராம் சுண்ணச்சத்தைத் தாய்க்கோழி தன் உணவினின்றும், தன் எலும்பினின்றும் எடுத்துக் கொடுக்கின்றது. இரையில் அச்சத்துக் குறையின் ஓடு மெலியும், மெலிந்தது உடையும், உடைந்ததைச் சுவைத்த கோழி மீண்டும் அச்சுவையை நாடும். இடம் போதாமல் ஒரே கூட்டிற் பல கோழிகள் நெருக்குண்டு இடுதலும், இட்ட முட்டைகளை நெடும்பொழுது எடாது விடுதலும் இதனை வளர்க்கும். நொறுக்கிய கிளிஞ்சலை இரையோடு வைத்தலும், இருண்ட இடத்தில் வைக்கோல் பரப்பிக் கூடமைத்தலும், முட்டைகளை அடிக்கடி எடுத்தலும், மரத்தாற் செய்த பொய்ம்முட்டையைக் கூட்டிலிட்டு வைத்தலும் இதற்கு மாற்று. இங்குக் குறைபட்டது கோழியின் ஒழுக்கமோ, வளர்ப்பாரது கடமையோ என்பதனைப் படிப்போரே தெளிக.

இறகு பறித்தலும் அத்தகையதே. நம் வீட்டுக்கோழியின் முன்னோர், தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வாழுஞ் சிவந்த காட்டுக்கோழிகள். அதன் கால்களிற் காணப்படும் மஞ்சள் நிறமோ, நம் தென்னாட்டுக் காடுகளில் வாழுஞ் சாம்பற் காட்டுக்கோழியினின்றும் வந்ததென்று 2008ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். காட்டுக்கோழி பகற்பொழுதின் பெரும்பகுதியை நிலத்தைக் கிளறுதலிலும் கொத்துதலிலுமே கழிப்பது. அவ்வியல்பினை உடைய உயிரைக் கிளறுதற்கு மண்ணும் சருகும் இல்லாத நெருக்கமான இடத்தில் அடைப்பின், நிலத்தை நாடிய அலகு உடனுறைவதன் இறகை நாடும். இதற்கு அலகின் நுனியை அறுத்துவிடுதல் சில பண்ணைகளில் வழக்கம். அலகு வெறும் நகம் போன்றதன்று, நரம்பு நிறைந்தது, அறுத்தல் நோவைத் தருவது. நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகள் இவ்வழக்கத்தைச் சட்டத்தால் விலக்கியுள்ளன. பாத்தியைக் கிளறுதலும் இவ்வியல்பின்பாற்பட்டதே. கோழி கிளறுதலைக் குற்றமென்பார், நீர் பள்ளத்தை நோக்கி ஓடுதலையுங் குற்றமென்பார் போலும். பாத்திக்கு வேலியிடுதலன்றோ செயற்பாலது?

அடைக்கோழியின் வழக்கு எல்லாவற்றினும் இரங்கத்தக்கது. முட்டைமேல் 21 நாள் அடைகிடந்து குஞ்சு பொரித்தல் தாய்மையின் தொழில். புரோலாக்டின் என்னுஞ் சுரப்புநீர் மிகுதலால் அந்நிலை அதற்கு எய்துகின்றது. அக்காலத்தில் அது இரையையும் குறைத்து, தன் உடம்பு மெலியக் கிடக்கும். தாய்மைக்கு நாம் நூல்களிற் புகழ்மாலை சூட்டுகின்றோம். புழக்கடையில் அதனையே மடிமை என்று பெயரிட்டு, மூக்கில் இறகு செருகித் தண்டிக்கின்றோம். முட்டை வைத்துப் பொரிக்க விடுதல் கூடாதாயின், அடியிற் காற்றோட்டமுள்ள கூண்டில் நீரும் இரையும் வைத்துச் சின்னாள் விடுதலே அமையும். அடைவேட்கை தானே தணியும்.

சேவலின் செய்தியோவெனின், அது பாய்வது தன் இனத்தைக் காத்தற்பொருட்டு. அதனைத் திருப்பி அடிப்பார், தாம் தண்டிப்பதாக எண்ணுகின்றனர். சேவலோ, எதிரி போருக்கு நின்றான் என்று எண்ணுகின்றது. ஆதலின் மறுநாளும் பாயும். ஒருவன் நீதி கூறுவதாகவும் மற்றொருவன் போர் செய்வதாகவும் கருதும் இடத்தில் தண்டம் எங்ஙனம் உணர்த்தப்படும்?

இங்கு ஒருசாரார் ஒரு தடை நிகழ்த்துவர். 'கோழிகள் தம்முட் கொத்தி ஒன்றையொன்று அடக்குகின்றன; தாய்க்கோழியும் வளர்ந்த குஞ்சைக் கொத்தித் துரத்துகின்றது; இயற்கையே ஒறுப்பினைக் கற்பிக்க, மக்கள் ஒறுத்தல் மட்டும் எங்ஙனம் பிழையாகும்?' என்பது அத்தடை. நார்வே நாட்டுச் செல்டெருப்-எப்பே என்பார் கோழிகளின் கூட்டுவாழ்க்கையை நெடுநாள் நோக்கி, அவற்றுள் எது எதனைக் கொத்தலாம் என்னும் வரிசை முறை உண்டென்று 1922ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டனர். அவ்வரிசை ஒருமுறை நிலைத்தபின் சண்டை பெரிதுங் குறையும். ஆகவே அக்கொத்தல், அவ்வினத்திற்குள் விளங்கும் ஒருவகை மொழி. இடுவதும் பெறுவதும் ஒரே மொழியுடையன. நாம் அம்மொழிக்குப் புறத்தே நிற்கின்றோம். மேலும், ஓர் உயிர் தன் இனத்தின்கட் செய்வதெல்லாம் மக்களுக்கு விதியாகுமெனின், ஆறாவது அறிவு எற்றுக்கு?

கற்பித்தலையே தொழிலாகக் கொண்டாரது பட்டறிவும் நோக்கத்தக்கது. அமெரிக்காவிற் கெல்லர் பிரீலண்டும் மரியன் பிரீலண்டும் பலவகை உயிர்களை இரை கொடுத்துப் பழக்கிப் புகழ் பெற்றோர். ஒரு கோழியை மேடைமேற் சில நொடிகள் அசையாது நிற்கப் பழக்க முயன்றனர். கோழிகளிற் பல நில்லாது காலாற் கிளறிக்கொண்டே இருந்தன. அவர்கள் கோழியை ஒறுத்திலர்; கிளறுதலையே நடனமாக வைத்துக் காட்சியை மாற்றி அமைத்தனர். இயற்கை இயல்பு பழக்கத்தை மீறி எழும் இத்தகைய நிகழ்ச்சிகளைத் தொகுத்து, அவர்கள் 1961ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பழக்குதலில் வல்லாரே இயற்கையின்முன் தம் நோக்கத்தை மாற்றிக்கொண்டனர் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, நம்மவருள் ஒருவர் கொண்டுவரத்தக்க வலிய தடை ஒன்றுண்டு. 'இறைவன் தண்டமும் அருளே என்பது சித்தாந்தம்; மறக்கருணை என்று அதற்குப் பெயர். அவன் வழி நிற்கும் நாம், நமக்குக் கீழ்ப்பட்ட உயிரை அவ்வாறே அடித்துத் திருத்தல் ஏற்புடைத்தன்றோ?' என்பர். இதற்கு விடை அவர் காட்டும் நூலிலேயே உள்ளது. சிவஞான சித்தியார் இறைவனது முனிவைப் பெற்றோரது முனிவோடு ஒப்பித்து விளக்குகின்றது. அங்கு மகவு அடிபடுவது பெற்றோர் தம் சொல்லின்வழி நில்லாதபோது. சொல் முன்னது, சொல்லைக் கடத்தல் அதன் பின்னது, தண்டம் மூன்றாவது. கந்தபுராணத்தும் சூரபன்மன்மேல் வேல் செல்லுதற்கு முன் வீரவாகுதேவர் தூது சென்றனர். அவ்வளவு கொடியவனுக்கும் சொல்லே முதற்கட் சென்றது. அவன் கேளாமையின் போர் நிகழ்ந்தது. முடிவிலும் அவன் அழிக்கப்படாது, மயிலும் சேவலுமாகி ஊர்தியும் கொடியுமாம் பேறு பெற்றனன். கோழிக்கு நாம் சொன்ன சொல் யாது? அது கேட்டுக் கடந்த ஆணை யாது? சொல் செல்லாத இடத்து ஆணை இல்லை. ஆணை இல்லாத இடத்து மீறுதல் இல்லை. மீறுதல் இல்லாத இடத்துத் தண்டத்திற்கு நிலைக்களன் இல்லை.

அன்றியும், மறக்கருணைக்கு இலக்கணம் மூன்று கூறலாம். தண்டிப்பான் தண்டிக்கப்படுவானது வினையின் அளவை முற்ற அறிந்திருத்தல், தனக்கென ஒரு பயன் கருதாமை, சினமின்மை. இம்மூன்றும் இறைவனிடத்து நிறைந்தன. கோழியை அடிப்பாரிடத்தோ மூன்றும் இல்லை. காரணம் அறியார், தம் முட்டை போயிற்றென்றே அடிப்பர், அடிக்கையிற் சினந்தே அடிப்பர். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்னும் பழமொழி மறக்கருணையை விளக்க வல்லது. மிதிக்கும் அடியில் தாய்மை இருத்தலின் குஞ்சு பிழைக்கின்றது. கோழியை அடிக்கும் அடியில் அத்தாய்மை உண்டோ என்பதனை அடிப்பாரே தம் நெஞ்சைக் கேட்டறிக.

'அங்ஙனமாயின், தீங்கு செய்யுங் கோழியை வாளா விட்டுவிடுதல் வேண்டுமோ?' எனின், வேண்டா. தடுத்தல் வேறு, ஒறுத்தல் வேறு. கையைத் தட்டி ஓட்டுதலும், வேலியிடுதலும், உதைக்குஞ் சேவலைத் தனியே அடைத்தலும் தடுத்தலாம். இரண்டனையும் வேறுபடுத்தி அறிதற்கு வழி எளிது. தடுப்பவர், தீங்கு நீங்கியவுடன் தடையை நீக்குவர். அடைத்த இடத்தும் நீரும் இரையும் நிழலும் அளிப்பர். அவ்வுயிர் துன்புறுதலைக் கண்டு மனநிறைவு எய்தார். ஒறுப்பவர்க்கோ அத்துன்பமே வேண்டப்படுவது. ஒரே கூண்டு, அடைப்பாரது கருத்தினாற் காவலும் ஆகும், சிறையும் ஆகும். நம் நாட்டுச் சட்டமும் இவ்வேறுபாட்டை ஒருவாறு மேற்கொண்டுள்ளது. நடன அரங்கிற் புகழ்பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் முன்னின்று முயன்றதன் பயனாக எழுந்த 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், வேண்டாத நோவு உண்டாக விலங்கினை அடித்தலையும் உதைத்தலையுங் குற்றமாக்கிற்று.

பிறிதொரு பிழையையும் விலக்குதல் வேண்டும். குற்றம் உணரும் ஆற்றல் கோழிக்கு இல்லையென்றமையால், அதனை எங்ஙனம் நடத்தினும் அமையும் என்று கொள்வார் உளராயின், அவர் கருத்து வழுவாம். குற்றத்தை உணராமை ஒறுப்பினை விலக்குங் காரணம். நோவினை உணர்தல் இரக்கத்தை விதிக்குங் காரணம். முன்னது இல்லாத உயிரிடத்தும் பின்னது உண்டு. அறிவு குறையுந்தோறும் பொறுப்பு அதன்பால் குறைந்து, அதனைக் காப்பார்பால் மிகும். கோழியின் குற்றமெனப்பட்டவற்றுட் பல, காப்பாரது குறையின் விளைவாகவே முடிந்தமை மேலே கண்டாம்.

இம்முடிபினைக் கோழிக்கூட்டிலேயே விட்டுவிடுதல் தகாது. பசியோடு வந்த சிறுவன் பாடத்தை மறந்தமைக்கு அடிபடுகின்றான். சொல்லிக் கொடாத பணிக்கு வேலையாள் வையப்படுகின்றான். தீக்கை பெற்ற அண்மையில் முறை அறியாத இளந்தொண்டன், முறை உணர்த்தாதாராற் கடியப்படுகின்றான். 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் பள்ளிச்சிறாரை உடலால் வருத்துதலையும் உளத்தால் வருத்துதலையும் விலக்கிற்று. சட்டம் கையைத் தடுக்கும். கருத்தைத் திருத்துதல் நம் கடன். இவர்கள் கோழியல்லர்; சொல்லை உணர்வோர். ஆயினும் சொல் சொல்லப்படாதவழி, வேண்டுவன அளிக்கப்படாதவழி, இவர்களும் கோழியின் நிலையிலேயே நிறுத்தப்படுகின்றனர். அந்நிலையில் வைத்துப் பின் மக்களாகக் கருதித் தண்டித்தல் இரட்டைத் தீமையாம்.

ஆகவே, தண்டிக்க எழுங் கை முதற்கண் இரண்டு வினாக்களுக்கு விடையிறுத்தல் வேண்டும். இவ்வுயிர்க்கு நாம் அளிக்க வேண்டியதை அளித்தோமா? இவ்வுயிர் உணருமாறு சொல்ல வேண்டியதைச் சொன்னோமா? கோழியைப் பொறுத்தவரை முதல் வினாவிற்குப் பெரும்பாலும் இல்லையென்பதும், இரண்டாவதற்கு எஞ்ஞான்றும் இல்லையென்பதுமே விடை. ஆதலின் கோழியை ஒறுத்தல் பொருளற்றது என்பது துணிபு. கிளிஞ்சலும் வைக்கோலும் வேலியும் செய்வதனை விளக்குமாறு செய்யாது; அடித்தலால் ஒருவர் பெறுவது, மெலியாரைக் கண்டவழிச் சினக்கும் பழக்கமொன்றே. அப்பழக்கம் புழக்கடையிற் பிறந்து வீட்டினுள்ளும் புகும் என்பதனை அறிந்து, அதனை வாயிற்புறத்தே நிறுத்துதல் அறிவுடையார் செயலாம்.